கோப்பு நகர்வதற்குள் கல்லணை திறந்துவிட்டது

2022 மார்ச் 22 அன்று பிற்பகல் வகுப்பை முடித்துவிட்டுத் துறைக்குத் திரும்பியபோது, நிதி அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மத்திய அரசின் நிதியமைப்பு ஒன்று என் ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த தொகையில் முதல் தவணையாக 12,56,000 ரூபாய் பல்கலைக்கழகக் கணக்கில் வரவாகியிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கான திட்டம் அது. மொத்தம் 18,40,000 ரூபாய். அன்று மாலை துறையில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அந்தத் திட்டத்தின் இறுதிக் கணக்கு முடிந்தது 2025 ஆகஸ்டில்தான். இடையில் என் சம்பளத்திலிருந்து 76,800 ரூபாய் திரும்பி வராமல் போனது, ஒரு முழுப் பருவத்தின் மாதிரிகள் கிடைக்காமல் போயின, நன்றாக வேலை செய்த ஓர் ஆய்வு உதவியாளரை இழந்தேன். பணம் கிடைப்பதுதான் கடினம், கிடைத்தபின் ஆய்வைச் செய்தால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு என்று ஒருவராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இதில் பாதியையாவது தவிர்த்திருப்பேன் என்பதால், இதே பாதையில் கால் வைக்கும் இளம் ஆசிரியர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காவிரி டெல்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பாவது எப்படி, எந்த மாதத்தில் எவ்வளவு என்பதே என் ஆய்வு. தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை ஆகிய ஒன்றியங்களில் 48 ஆழ்துளைக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை என ஆண்டுக்கு நான்கு முறை மாதிரி எடுக்க வேண்டும். இவற்றில் முதலாவதுதான் உயிர்நாடி. கால்வாயில் நீர் ஓடத் தொடங்கிவிட்டால் மேல்மட்ட நிலத்தடி நீர் கலந்துவிடும். கோடையின் கடைசியில் நிலம் எந்த நிலையில் இருந்தது என்பதை அதன் பிறகு அறிய வழியில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும் என்பதால், ஜூன் முதல் வாரத்தை அடிப்படை மாதிரிக்கென்று திட்ட அறிக்கையிலேயே குறித்திருந்தேன்.

முதல் பிழை பணம் வந்த ஒன்பதாம் நாளே நடந்தது, அதைச் செய்தவள் நானேதான். நிதியாண்டு மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. பணம் வந்தது மார்ச் 22. ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்றாலும், செலவு இல்லை என்றே குறிப்பிட்டு அந்த ஆண்டுக்கான பயன்பாட்டுச் சான்றிதழையும் செலவின அறிக்கையையும் அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. செலவே இல்லாதபோது எதற்குச் சான்றிதழ் என்று இருந்துவிட்டேன். செப்டம்பரில் நினைவூட்டல் மின்னஞ்சல் வந்த பிறகுதான் அனுப்பினேன். அந்த ஆறு மாதத் தாமதம் என் கோப்பில் ஒரு கறையாக நின்றது. பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பணம் மார்ச் மாதத்தில் வந்தால், ஏப்ரல் முதல் வாரத்திலேயே, செலவு சுழியமாக இருந்தாலும், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் கொடுக்கப்பட்டுள்ள 12-ஏ படிவத்தை நிரப்பிப் பதிவாளர், நிதி அலுவலர் கையொப்பத்துடன் அனுப்பிவிடுங்கள்.

ஏப்ரலில் உபகரணம் வாங்குவதற்கான கோப்பைத் தொடங்கினேன். நைட்ரேட், சல்பேட் அளவுகளைக் காண்பதற்கான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்று. விலை 6,40,000 ரூபாய். கூடவே மாதிரி எடுக்கும் புட்டிகள், வேதிப்பொருள்கள், நீரின் உப்பளவைக் காட்டும் கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து எழுதினேன். எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கினால் அலுவலகத்துக்கு எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது மே மாதக் கடைசியில் தெரிந்தது. அந்த ஆண்டு மேட்டூர் அணை மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு மே மாதத்தில் திறக்கப்பட்டது அதுவே முதல் முறை. டெல்டா முழுவதும் மகிழ்ந்த அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. சில நாட்களில் கல்லணை திறக்கும். அதன்பின் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அந்த இடைவெளியில் 48 கிணறுகளுக்கும் போய்விட முடியும். ஆனால் என்னிடம் புட்டி இல்லை, மீட்டர் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. கோப்பு கொள்முதல் குழுவின் தேதிக்காகக் காத்திருந்தது.

நிதி அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்தவர். ஜூன் மாதத்தில் ஒருநாள், அழுகை வராத குறையாக அவர் மேசை முன் போய் நின்றேன். அவர் என் கோப்பை எடுத்து, வெள்ளை நாடாவை அவிழ்த்து, குறிப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “புட்டி எவ்வளவு மேடம்?” என்று கேட்டார். ஒன்பதாயிரம் ரூபாய் என்றேன். “ஒன்பதாயிரத்துக்கு எதுக்கு கமிட்டி? இருபத்தஞ்சாயிரம் வரைக்கும் விலைப்புள்ளி இல்லாமலே, திருப்தின்னு சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாமே. இதை ஏன் மெஷினோட சேத்து எழுதினீங்க?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் மனத்தில் தைத்தது. “சாங்ஷன் ஆர்டரோட இணைப்பைப் படிச்சீங்களா? பணம் உங்க பேருக்கு வரல மேடம், பதிவாளர் பேருக்கு வந்திருக்கு. நீங்க பொறுப்பு, அவங்க உரிமை. அதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை சுலபம்.”

ஒப்பளிப்பு ஆணையின் முதல் பக்கத்தில் என் பெயரையும் தொகையையும் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த 14 பக்க நிபந்தனைகளை நான் படித்திருக்கவில்லை. அன்றிரவு உட்கார்ந்து அடிக்கோடிட்டுப் படித்தேன். நல்கை பெறுபவர் நிறுவனம். முதன்மை ஆய்வாளர் அதன் சார்பில் வேலை செய்பவர். வாங்கும் பொருள் நிறுவனத்தின் சொத்து. வட்டி அரசுக்குத் திரும்ப வேண்டும். கருவி போன்ற தொடராச் செலவுக்கும், ஊதியம், வேதிப்பொருள் போன்ற தொடர் செலவுக்கும் இடையே அனுமதியின்றிப் பணத்தை மாற்றக் கூடாது. இவையெல்லாம் அதில் தெளிவாகவே இருந்தன. ஆணை கையில் கிடைத்த வாரத்திலேயே அதை முழுமையாகப் படித்து, ஒரு படியைக் கணக்குப் பிரிவில் உங்கள் திட்டத்தைப் பார்க்கும் எழுத்தரிடம் நேரில் கொடுத்து, இருவருமாக ஒருமுறை பக்கம் பக்கமாகப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் பின்னால் மாதங்களை மிச்சப்படுத்தும். கொள்முதலைத் தொகையின் அளவுக்கேற்பத் தனித்தனிக் கோப்பாகப் பிரியுங்கள்; ஒரே பொருளைத் துண்டு துண்டாக்கி வாங்குவது விதிமீறல், ஆனால் வெவ்வேறு பொருள்களை ஒரே கோப்பில் கட்டிவைக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அக்காலத்தில் பொது நிதி விதிகளின்படி 25,000 ரூபாய் வரை நேரடியாகவும், 2,50,000 வரை உள்ளூர்க் கொள்முதல் குழு வழியாகவும், அதற்கு மேல் ஒப்பந்தப்புள்ளி வழியாகவும் வாங்க வேண்டும். அறிவியல் ஆய்வுக்கான கொள்முதலில் இந்த வரம்புகள் பின்னர் உயர்த்தப்பட்டன. ஆகவே நீங்கள் வாங்கும் நாளில் நடப்பில் உள்ளது எது என்பதையும், உங்கள் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டு சுற்றறிக்கை விட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கொள்முதல் குழு ஆகஸ்டில்தான் கூடியது. அதற்குள் இரண்டு நடந்துவிட்டன. விலைப்புள்ளிகளின் செல்லுபடிக் காலம் 90 நாள். மூன்றில் இரண்டு காலாவதியாகியிருந்தன. அதைவிடப் பெரிய அடி வரியில் விழுந்தது. அறிவியல்-தொழிலக ஆய்வுத் துறையில் பதிவு பெற்ற பல்கலைக்கழகங்களும் பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களும் ஆய்வுக் கருவிகளை 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் செலுத்தி வாங்கும் சலுகை 2017 முதல் இருந்தது. 2020-இல் திட்ட மதிப்பீடு எழுதியபோது அதை வைத்தே 32,000 ரூபாய் வரி சேர்த்து 6,72,000 என்று எழுதினேன்; அந்தத் தொகைதான் ஒப்பளிக்கப்பட்டது. அந்தச் சலுகை 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. 18 சதவீதம் என்றால் வரி மட்டும் 1,15,200, மொத்தம் 7,55,200. கோப்பு மூன்று மாதம் முன்னால் நகர்ந்திருந்தால் தேவைப்பட்டிருக்காத 83,200 ரூபாய். ஒரு லட்ச ரூபாய் இருந்த நுகர்பொருள் செலவுத் தலைப்பிலிருந்து அதை எடுத்தாக வேண்டும். அதற்கு நிதியமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதி டிசம்பரில் வந்தது, கருவி 2023 ஜனவரியில் வந்து இறங்கியது. முதலாண்டு முழுவதற்கும் வேதிப்பொருளுக்கு மிஞ்சியது 16,800 ரூபாய்.

மதிப்பீடு எழுதுபவர்களுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியவை சில உண்டு. விலைப்புள்ளியை 180 நாள் செல்லுபடியுடன் கேளுங்கள். பெரும்பாலான விற்பனையாளர்கள் கேட்டால் தருவார்கள். வரியைச் சலுகை விகிதத்தில் எழுதாமல் முழு விகிதத்தில் எழுதுங்கள். மிச்சமானால் திருப்பிக் கொடுப்பது எளிது, குறைந்தால் கேட்டு வாங்குவது மிகக் கடினம். கருவியின் விலையோடு ஏற்றி இறக்குதல், நிறுவுதல், நில இணைப்புள்ள மின்வசதி, யூ.பி.எஸ். ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ‘வெளி ஆய்வகப் பரிசோதனைக் கட்டணம்’ என்று ஒரு வரியைக் கட்டாயம் வையுங்கள். நான் வைக்கவில்லை. கருவி வராத நிலையில் அக்டோபரிலும் டிசம்பர் கடைசியிலும் எடுத்த மாதிரிகளை ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்தேன். நைட்ரேட்டுக்கான மாதிரியைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், காத்திருக்க முடியாது. 48 கிணறு, இரண்டு சுற்று, மாதிரி ஒன்றுக்கு 350 ரூபாய் வீதம் 33,600 ரூபாய். அதற்கான தலைப்பே இல்லாததால் பட்டியல் திரும்பிவிட்டது. என் கைப்பணம் போனதில் முதல் பகுதி அது.

மீதி 43,200 ரூபாய் வாகனத்தில் போனது. திருத்துறைப்பூண்டியில் தெரிந்தவர் ஒருவரின் காரை ஒரு நாளைக்கு 2,400 ரூபாய் என்று பேசி, 18 நாள் பயன்படுத்தினேன். நம்பிக்கையானவர்; விடியற்காலை நான்கு மணிக்கு மீன் சந்தையில் ஐஸ் உடைத்து வாங்கிப் பெட்டியில் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவார். ஒவ்வொரு நாளுக்கும் கையெழுத்திட்ட ரசீதும் கொடுத்தார். ஆனால் அவருடைய காருக்கு வெள்ளை எண் பலகை. வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு மஞ்சள் பலகையும் உரிமமும் வேண்டும். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு வாடகை கொடுத்ததாகக் கணக்கு எழுத முடியாது என்று தணிக்கையில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரி. அதை முதல் பயணத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். வண்டி எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், நோக்கம் ஆகியவற்றைப் பயணக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள்.

ஆய்வு உதவியாளரின் கதை இதைவிட வருத்தமானது. நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி இல்லாதவர்களுக்கான திட்ட உதவியாளர் ஊதியம் அப்போது மாதம் 25,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. விளம்பரம், நேர்காணல், ஆணை எல்லாம் முடிந்து 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி ஒரு பெண் சேர்ந்தார். கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு முதல் பட்டதாரி. ஐந்து மாதம் அவருக்குச் சம்பளம் ஏறவில்லை. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும்: பெயரின் தலைப்பெழுத்து. வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்து முன்னால் இருந்தது, ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் இருந்தது. மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை இணைய முறையில் பயனாளியாகப் பதிவு செய்யும்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை. பெயரைத் திருத்திக்கொண்டு வருவதற்குள், பணம் செலுத்துவதற்கான மின்னணுக் கையொப்பச் சாவியை வைத்திருந்த அலுவலர் மாற்றலாகிப் போனார். புதியவருக்குச் சாவி வர ஏழு வாரம் ஆனது. அந்த ஐந்து மாதமும் என் கையிலிருந்து மாதம் 15,000 ரூபாய் கொடுத்துவந்தேன். பிப்ரவரியில் நிலுவை மொத்தமாக ஏறியது. மறுநாள் காலையிலேயே 75,000 ரூபாயை ஒரு மஞ்சள் பையில் வைத்து அந்தப் பெண் என் அறைக்கு வந்தார். எண்ணிப் பாருங்கள் மேடம் என்றார். எனக்கு எண்ணத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர் திருப்பித் தராமல் இருந்திருந்தால் அந்தப் பணத்தைத் திட்டக் கணக்கிலிருந்து நான் ஒருபோதும் பெற்றிருக்க முடியாது. தனிப்பட்ட முறையில் கொடுத்த ஊதியம் கணக்கில் செலவாக ஏறாது. ஆகவே பணியில் சேரும் நாளிலேயே ஆதார், வங்கிக் கணக்கு, பான் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் வரும் சிக்கல். மின்னணுக் கையொப்பச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் விடுப்பில் போனால் மாற்று யார் என்பதையும் முதல் மாதமே தெரிந்துகொள்ளுங்கள்.

என் மூத்த பேராசிரியர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று தோன்றலாம். கேட்டேன். அவர்களுடைய அனுபவம் பல்கலைக்கழக மானியக் குழு 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலம் வரை வழங்கிய சிறு, பெரு ஆய்வுத் திட்டங்களில் கிடைத்தது. அப்போது பணம் நிறுவனக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். மெதுவாகச் செலவு செய்யலாம். இப்போது பல திட்டங்களில் பூஜ்ய இருப்புக் கணக்குதான். செலவு வரம்பு மட்டும் தரப்படும், பட்டியலைச் செலுத்தும் நேரத்தில் பணம் வரும், ஆண்டு முடிவில் பயன்படுத்தாத வரம்பு போய்விடவும் கூடும். அவர்கள் நல்லெண்ணத்துடன் சொன்ன அறிவுரை இன்றைய முறைக்குப் பொருந்தவில்லை. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் திட்டத்தை முடித்தவர் வேறு துறையில் இருந்தாலும் அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள்.

பல்கலைக்கழகம் எனக்கு ஆதரவே தரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆதரவு காகிதத்தில் இருந்தது. அதை எழுந்து நடக்கவைக்க ஆள் இல்லை. ஆய்வைத் தொடங்கப் பல்கலைக்கழகமே தரும் தொகைக்கென விதைநிதிக் கொள்கை ஒன்று எங்களிடம் உண்டு. ஆசிரியர்களுக்கு விதைநிதி தருகிறீர்களா என்பது தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவின் அளவுகோல்களில் ஒன்று. அதற்கு ஏப்ரலில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது எனக்கு ஆகஸ்டில் தெரிந்தது. அதுபோலவே நிறுவன மேற்செலவு. நிதியமைப்பு ஆண்டுக்கு 60,000 ரூபாயை ஓவர்ஹெட் என்று தனியாகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தது. மின்சாரம், அலுவலக உதவி, தணிக்கை, ஆய்வக வசதி ஆகியவற்றுக்கானது அது. கருவி வந்தபோது அறையில் நில இணைப்பு சரியில்லை, யூ.பி.எஸ். இல்லை என்று பொறியாளர் நிறுவ மறுத்துவிட்டார். 34,000 ரூபாய் தேவைப்பட்டது. என் தலைப்புகளில் எதிலும் அதற்கு இடமில்லை. அதே கண்காணிப்பாளர்தான், “ஓவர்ஹெட்ல கேளுங்க மேடம், அது இதுக்குத்தான் வந்திருக்கு” என்றார். ஆணையின் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். பன்னிரண்டு நாளில் ஒப்புதல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் எனக்கு மிக விரைவாகக் கிடைத்த ஒப்புதல் அதுதான். அதற்கு முன் எழுதிய கடிதங்களில் நான் ‘தயவுகூர்ந்து’ என்று வேண்டியிருந்தேன். இந்தக் கடிதத்தில் விதியைச் சுட்டியிருந்தேன். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் அதுவே பாதுகாப்பு, அவர்களும் நாளை தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் நிதி ஆதரவு பெற்ற ஆய்வுகளுக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. ஆள் நியமனம், கொள்முதல், கணக்கு, சான்றிதழ் எல்லாம் அங்கே ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. எங்களைப் போன்ற நிறுவனங்களில் தேர்வுக் கட்டணத்தையும் ஓய்வூதியத்தையும் பார்க்கும் அதே எழுத்தர்தான் ஆய்வுத் திட்டத்தையும் பார்க்கிறார். அவர் தாமதிக்கிறார் என்று கோபப்படுவதில் பயனில்லை. அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஐந்தாறு திட்டங்கள் நடக்கும் பல்கலைக்கழகம்கூட ஒரே ஒரு பயிற்சி பெற்ற உதவியாளரை மேற்செலவுத் தொகையிலிருந்து நியமித்துவிட முடியும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒருவர் இருந்திருந்தால் நான் இழந்ததில் பெரும்பகுதி நடந்திருக்காது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தைவிட அதுதான் என்னை ஒடித்தது. மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு. கௌரவ விரிவுரையாளர் நியமனம் தாமதமானதால் அந்தப் பருவத்தில் நான் 20 மணி நேரம் எடுத்தேன். வேதாரண்யம் பக்கம் போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன், பண்டிகை நாளிலும் போனேன். ஆய்வு செய்கிறவருக்கு வகுப்பைக் குறைக்க வேண்டும் என்று வாயால் பலமுறை கேட்டேன், எழுத்தில் ஒருமுறையும் கேட்கவில்லை. திட்டத்தை அனுப்பும்போது நிறுவனத் தலைவர் கையொப்பமிடும் மேலொப்பச் சான்றிதழில், தேவையான வசதிகளை நிறுவனம் அளிக்கும் என்ற வரி இருக்கிறது. அந்தக் கையொப்பத்துக்கு முன்புதான் நாம் கேட்கக்கூடிய நேரம். பணம் வந்த பிறகு நம் சொல்லுக்கு அவ்வளவு எடை இருப்பதில்லை.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் நினைவில் இருக்கிறது. தலைஞாயிறு அருகே ஒரு பெரியவர் தம் பம்புசெட்டைப் போட்டுவிட்டு, “ஆடுதுறையிலேர்ந்து வர்றீங்களாம்மா?” என்று கேட்டார். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் இப்பகுதி உழவர்கள் ஆராய்ச்சி என்றதும் நினைக்கிறார்கள். இல்லையென்று விளக்கினேன். அவர் கையில் ஒரு வாய் நீரை ஏந்திக் குடித்துத் துப்பிவிட்டு, போன மார்கழியைவிடக் கரிப்பு கூடியிருக்கிறது என்றார். மீட்டரை வைத்தேன்: சென்டிமீட்டருக்கு 4,100 மைக்ரோசீமென்ஸ். பாசன நீரில் அது 2,000-ஐத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். “போன வருசம் எவ்வளவும்மா இருந்துச்சு?” என்று கேட்டார். அந்த எண்தான் என்னிடம் இல்லை. மே மாதத்தில் புட்டி இல்லாமல் போன பருவம் அது.

முதலாண்டு ஊதியத் தொகை 2023 ஆகஸ்டுடன் தீர்ந்தது. இரண்டாம் தவணை 5,84,000 ரூபாய் டிசம்பரில் வந்தது. இடையில் அந்தப் பெண் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நிற்கச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. 2024 மார்ச்சில் முடிய வேண்டிய திட்டத்துக்குக் கூடுதல் நிதியின்றி ஆறு மாத நீட்டிப்புக் கேட்டேன், கிடைத்தது. நீட்டிப்புக் கோரிக்கையைத் திட்டம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். அந்த ஆண்டு மேட்டூரில் போதிய நீர் இல்லாமல் ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்கப்படவில்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆறுகள் காய்ந்து கிடந்த அந்த ஏழு வாரத்தில், முதுகலை மாணவர் நால்வருடன் 48 கிணறுகளுக்கும் போய் அடிப்படை மாதிரியை எடுத்தேன். குறுவை இல்லாமல் உழவர்கள் தவித்த காலம் என் ஆய்வுக்கு வாய்ப்பாக அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விக்குச் சொல்ல முதல்முறையாக ஓர் எண் கிடைத்தது.

திட்டம் 2024 செப்டம்பரில் முடிந்தது. கணக்கு முடிய மேலும் பதினொரு மாதம். திட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்காமல், பணத்தைப் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில் வைத்திருந்தார்கள். என் தொகைக்கு எவ்வளவு வட்டி என்று பிரித்துக் கணக்கிடவே ஏழு மாதம் ஆனது: 31,460 ரூபாய். 2017 பொது நிதி விதிகளின்படி அந்த வட்டி மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குத் திரும்ப வேண்டும். பாரத்கோஷ் இணையதளம் வழியாகச் செலுத்தி ரசீதை இணைத்த பிறகுதான் இறுதிச் சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை என் திட்டம் ‘நடப்பில் உள்ளது’. பதவி உயர்வுக்கான ஆய்வுப் புள்ளிகளில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டம் முடிந்திருந்தால் 10, நடப்பில் இருந்தால் 5 மட்டுமே. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. தனிக் கணக்கு தொடங்கச் சொல்லி முதல் நாளே கேளுங்கள். ஒவ்வொரு காலாண்டும் வட்டி வரவை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிதி அலுவலகக் கணக்கை நம்பாமல் அல்ல, அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே நீங்களும் தலைப்புவாரியாக ஒரு பேரேடு வைத்திருங்கள். நான் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கினேன்.

இப்போது அடுத்த திட்டத்தை எழுதி முடித்திருக்கிறேன். மேலொப்பக் கையொப்பத்துக்கு அனுப்பும்போது கூடவே ஒரு பக்கக் கடிதமும் வைத்தேன். தனி வங்கிக் கணக்கு தொடங்கப்படுமா, கையொப்பச் சாவிக்கு மாற்று அலுவலர் யார், மேற்செலவில் எத்தனை சதவீதம் துறைக்கு வரும், 25,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள்களைத் துறைத் தலைவர் ஒப்புதலுடன் வாங்கலாமா, களப்பணி உள்ள பருவத்தில் வாரம் எத்தனை மணி நேர வகுப்பு என்று ஐந்து கேள்விகள். கடிதம் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. நான்குக்கு எழுத்தில் பதில் இருக்கிறது. ஐந்தாவதற்கு நேரே எதுவும் எழுதப்படவில்லை. அதைச் சுட்டிக்காட்டி மறுபடி அனுப்பியிருக்கிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வர இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.